இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தீர்களா? டெர்ராஃபார்ம், ஆன்சிபிள் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார இறுதி வகுப்புகளில் டெர்ராஃபார்மும் ஆன்சிபிளும் சொல்லித் தருகிறேன். முன்னது கிளவுடில் சர்வர்களைக் கட்டும் கருவி, பின்னது அவற்றுக்குள் மென்பொருளை அமைக்கும் கருவி. ஞாயிறு மாலை ஐந்து மணி வாக்கில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். திரையில் பச்சை எழுத்து வந்ததும் "சார், ஓடிடுச்சு" என்று லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்புவார்கள். வாசலில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்பேன்: "இன்னொரு தடவை ஓட்டிப் பாத்தீங்களா?"

ஒரு தடவை ஓடினால் போதும் என்றால் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டே அதைச் செய்துவிடும். இந்தக் கருவிகளிடம் நாம் வேலையை வரிசையாகச் சொல்வதில்லை, "சர்வர் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கிறோம். ஏற்கெனவே அப்படி இருந்தால் கருவி எதையும் தொடக் கூடாது. இதற்கு ஐடெம்பொடன்ஸி என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பெயர் மறந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது ஓட்டத்தில் ஆன்சிபிளின் கடைசி வரி 'சேஞ்ச்டு=0' என்று வர வேண்டும், டெர்ராஃபார்ம் பிளான் (என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் கட்டளை) 'நோ சேஞ்சஸ்' என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் லேப் இன்னும் முடியவில்லை.

வராமல் போவதற்கு முதல் காரணம் ஷெல் மாட்யூல். ஆன்சிபிளில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க், அதைச் செய்து தரும் தயார்நிலைத் துண்டுதான் மாட்யூல். ஷெல் மாட்யூல் எந்தக் கமாண்டையும் அப்படியே ஓட்டிவிடும். கமாண்ட் தெரியும், மாட்யூல் தெரியாது. அதனால் தெரிந்த கமாண்டை அப்படியே ஷெல் டாஸ்கில் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாணவர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்க எக்கோ கமாண்டும் இரட்டை அம்புக்குறியும் (>>, ஃபைலின் கடைசியில் சேர்க்கும் குறி) போட்டிருந்தார். ஓட்டும்போதெல்லாம் ஒரு வரி கூடியது. இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் ஒரே வரி பக்கம் பக்கமாக நிற்கிறது. அதற்கென்றே லைன்இன்ஃபைல் மாட்யூல் இருக்கிறது. வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்கும். ஷெல்தான் வேண்டும் என்றால் 'கிரியேட்ஸ்' என்ற அளபுருவையாவது கொடுங்கள். குறிப்பிட்ட ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அந்த டாஸ்க் ஓடாது.

சரி, இரண்டாவது தடவையும் பச்சை வந்துவிட்டது. அப்போதும் நம்ப முடியாத ஒரு இடம் உண்டு: ஹாண்ட்லர். இதில் நானே மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக் ஃபைலை டெம்ப்ளேட்டிலிருந்து எழுதுகிறீர்கள். அது மாறினால் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி ஒரு ஹாண்ட்லர் வைத்திருக்கிறீர்கள். ஹாண்ட்லர் உடனே ஓடாது, பிளே (டாஸ்குகளின் வரிசை) முடியும்போதுதான் ஓடும். கான்ஃபிக் எழுதியாகிவிட்டது. அதற்கு அடுத்த டாஸ்கில் ஒரு பேக்கேஜ் பெயரில் எழுத்துப் பிழை. பிளே அங்கேயே நின்றுவிடுகிறது, ஹாண்ட்லர் ஓடவே இல்லை. பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டுகிறீர்கள். இப்போது கான்ஃபிக் ஃபைல் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. மாற்றம் இல்லை, ஆகவே ஹாண்ட்லருக்கு அழைப்பும் இல்லை. எல்லாம் பச்சை. ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் இன்னும் பழைய கான்ஃபிக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்றோ ஒரு நாள் சர்வர் ரீபூட் ஆகும்போது புதிய கான்ஃபிக்கில் இருந்த தப்பு அப்போதுதான் வெளியே வரும். அன்றைக்கு யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கான்ஃபிக் டாஸ்குக்குக் கீழேயே 'ஃப்ளஷ் ஹாண்ட்லர்ஸ்' என்ற மெட்டா டாஸ்கைப் போடலாம், அல்லது பிளேயில் 'ஃபோர்ஸ் ஹாண்ட்லர்ஸ்' வைக்கலாம். எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு கர்ல் (வெப் சர்வரிடம் கேட்டுப் பதிலைக் காட்டும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள். ஆன்சிபிள் சொல்வதை விட சர்வர் என்ன பதில் தருகிறது என்பதுதான் சாட்சி.

ஆன்சிபிள் ஃபைல்களை எழுதும் வடிவமான யாமல் பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுக்கலாம். இங்கே ஒன்றே ஒன்று. ஃபைல் அனுமதிக்கு 644 என்று வெறுமனே எழுதாதீர்கள். அதை யாமல் பதின்ம எண்ணாகப் படிக்கும், அனுமதி எண்ணோ எண்மத்தில் (8 அடிப்படையில்) எழுதுவது. பதின்ம 644 எண்மத்தில் 1204. அதாவது உரிமையாளருக்கு எழுத மட்டும் அனுமதி, குழுவுக்கு ஒன்றும் இல்லை, ஊருக்கெல்லாம் படிக்க அனுமதி, கூடவே நாம் கேட்காத ஸ்டிக்கி பிட் என்ற சிறப்பு அனுமதி! டாஸ்க் பச்சையாகவே முடியும், எர்ரர் எதுவும் வராது. மேற்கோள்குறிக்குள் '0644' என்று எழுதுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு சர்வரை வைத்துப் பழகுவது. ஒன்றில் எல்லாமே சரியாகத்தான் ஓடும். குறைந்தது மூன்று எடுங்கள், அதில் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து வையுங்கள்: பழைய பேக்கேஜ், நிரம்பிய டிஸ்க், ஏதாவது ஒன்று. "மூணு சர்வர்தானே, கையாலயே பண்ணிடலாமே" என்பவர்களுக்கு நான் சொல்வது நைட் கேப்பிட்டல் கதை. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச்சந்தை. அந்த நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் புதிய கோடை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றிவிட்டார்கள், ஒன்று விட்டுப்போனது. பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோடு அந்த ஒன்றில் உயிர் பெற்று ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். எட்டே எட்டு சர்வர்தான்.

டெர்ராஃபார்ம் பக்கம் வருவோம். வகுப்பில் எல்லாருக்கும் ஒரு நிமிடம் மூச்சு நிற்கிற பாடம் 'கவுண்ட்', அதாவது ஒரே மாதிரி எத்தனை வேண்டும் என்று எண்ணால் சொல்வது. ஒரு பட்டியல் கொடுக்கிறேன்: இட்லி, தோசை, பொங்கல். மூன்று பெயர்கள், மூன்று சர்வர்கள். கவுண்ட் வைத்து உருவாக்கினால் டெர்ராஃபார்முக்கு அவை 0, 1, 2 மட்டுமே. பெயரெல்லாம் நமக்குத்தான், வெறும் டேக். இப்போது தோசை வேண்டாம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம். பிளான் அடித்தால் 'ஒன்று மாறும், ஒன்று அழியும்' என்று வருகிறது. ஒன்றைத்தானே நீக்கினோம், ஒன்று அழிகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று 'யெஸ்' அடித்துவிடுவார்கள். நடந்தது என்ன? பட்டியலில் பொங்கல் 2-லிருந்து 1-க்கு நகர்ந்துவிட்டது. அதனால் தோசை சர்வருக்குப் பொங்கல் என்று பெயர் மாறியது, உண்மையான பொங்கல் சர்வர் அழிந்தது. ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கன்சோலில், அதாவது அதன் வெப் பக்கத்தில் பார்த்தால் இட்லியும் பொங்கலும் சமர்த்தாக நிற்கும். உள்ளே நுழைந்தால்தான் தெரியும், பொங்கல் தட்டில் தோசை.

'ஃபார் ஈச்' பயன்படுத்தினால் அடையாளம் எண்ணாக இல்லாமல் பெயராகவே இருக்கும், இந்தச் சிக்கல் வராது. ஏற்கெனவே கவுண்டில் எழுதியாகிவிட்டது என்றால் 'மூவ்டு' பிளாக் மூலம் அழிக்காமல் மாற்றிக்கொள்ளலாம். பிளானின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு 'யெஸ்' அடிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். எது அழிகிறது என்று மேலே பெயரோடு எழுதியிருக்கும். 'யெஸ்' கூடக் கேட்காமல் ஓடும்படி 'ஆட்டோ அப்ரூவ்' போட்டு ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

டெர்ராஃபார்ம் தான் கட்டியதையெல்லாம் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைல் பற்றி மூன்று விஷயம். ஏதாவது சிக்கினால் அதை டெலிட் செய்துவிட்டு மறுபடி அப்ளை (பிளானை நிறைவேற்றும் கட்டளை) அடிப்பது பலருடைய வைத்தியம். ஸ்டேட் போனால் டெர்ராஃபார்முக்கு ஞாபகமே போன மாதிரி. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டத் தொடங்கும், அல்லது அதே பெயரில் ஏற்கெனவே இருக்கிறது என்று பாதியில் முட்டி நிற்கும். பழையவை அனாதையாக ஓடிக்கொண்டே பில் ஏற்றும். அப்புறம், ஸ்டேட் ஃபைலை கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) ஏற்றுவது. ஒரு வேரியபிளை 'சென்சிடிவ்' என்று குறித்தால் திரையில்தான் மறையும், ஸ்டேட்டுக்குள் பாஸ்வேர்ட் மறைக்காமல் அப்படியே கிடக்கும். மூன்றாவது, ஸ்டேட்டை எஸ்3-யில் (ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பகம்) வைப்பவர்கள், இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டு போட மறப்பது. பழைய பாடங்கள் பூட்டுக்கு டைனமோடிபி என்ற டேட்டாபேஸில் டேபிள் கட்டச் சொல்லும். டெர்ராஃபார்ம் 1.10 முதல் எஸ்3 பேக்எண்டிலேயே அந்த வசதி வந்துவிட்டது.

பழைய பாடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: வர்ஜீனியா ரீஜியனுக்கு (ஏடபிள்யூஎஸ் டேட்டா சென்டர்கள் இருக்கும் ஒரு பகுதி) எழுதிய உதாரணத்தை காப்பியடித்து மும்பையில் ஓட்டுவது. ஏஎம்ஐ எண் (சர்வரை எந்த இமேஜிலிருந்து எழுப்புவது என்ற அடையாளம்) ரீஜியனுக்கு ரீஜியன் வேறு. அந்த எண் மும்பையில் கிடையாது என்று எர்ரர் வரும். டேட்டா சோர்ஸ் வைத்துத் தேடி எடுக்கப் பழகுங்கள். டெர்ராஃபார்மா ஓப்பன்டோஃபுவா என்ற சண்டையும் வகுப்பில் அடிக்கடி வரும். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் அதன் உரிமத்தை மாற்றியதால் அதிலிருந்து பிரிந்தது ஓப்பன்டோஃபு. வேலையில் அது முக்கியமான கேள்வியாக இருக்கலாம். கற்றுக்கொள்ளும்போது எதில் பழகினாலும் அடிப்படை ஒன்றுதான், டீ இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்.

ஆக்சஸ் கீயை (ஏடபிள்யூஎஸ் கணக்கின் ரகசியச் சாவி), எந்தக் கிளவுட் என்று டெர்ராஃபார்முக்குச் சொல்லும் புரொவைடர் பிளாக்கில் எழுதி பொது ரெப்போவில் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவராவது உண்டு. அதைத் தேடுவதற்கென்றே பாட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, சில நிமிடங்களில் எடுத்துவிடும். பதறிப்போய் அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்வது வீண். கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் கன்சோலுக்குப் போய் அந்தக் கீயைச் செயலிழக்கச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பில் விஷயத்தில் எனக்கு உபதேசம் செய்யத் தகுதி இல்லை. வகுப்புக்காக வர்ஜீனியாவில் ஒரு நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) கட்டிவிட்டு, மும்பை கன்சோலைப் பார்த்து "எல்லாம் காலி" என்று நிம்மதியாக இருந்தவன் நான். கன்சோல் ஒரு நேரத்தில் ஒரு ரீஜியனைத்தான் காட்டும். நாட் கேட்வே வர்ஜீனியாவில் மணிக்கு 0.045 டாலர். கேட்க ஒன்றுமே இல்லை போலிருக்கும். 30 நாளுக்கு 32 டாலருக்கு மேல், அதன் வழியே ஒரு பைட் கூடப் போகாவிட்டாலும். 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் தனி. முதல் வேலையாக பட்ஜெட் அலர்ட் வையுங்கள். ஆனால் அது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். தானாக எதையும் நிறுத்தாது.

ஆகவே தினமும் மாலையில் டெஸ்ட்ராய், காலையில் மறுபடி அப்ளை. பில்லுக்காக மட்டும் சொல்லவில்லை. முழுவதும் அழித்துவிட்டு மறுபடி எழுப்பும்போதுதான், நடுவில் கன்சோலில் போய்க் கையால் திறந்த போர்ட்டும், எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து ஒட்டுப்போட்ட கான்ஃபிக்கும் அகப்படும். கோடில் அவை இல்லை, அதனால் காலையில் வரவும் வராது.

முடிந்தால் அந்தக் காலை அப்ளையைப் பக்கத்து சீட்டுக்காரர் லேப்டாப்பில் அடியுங்கள். போன மாதம் ஒரு பேட்ச்சில் அப்படிச் செய்யச் சொன்னேன். பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் ஓடியது. மற்றவர்களில் பலருக்குக் காரணம் ஒன்றே: எஸ்எஸ்ஹெச் கீ ஃபைலின் இடத்தைத் தங்கள் லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் என்று முழுப் பாதையோடு எழுதியிருந்தார்கள். "என் லேப்டாப்ல ஓடுச்சே சார்" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் தன் லேப்டாப்பை அவரிடமே திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.