சியான் போகிறவர்களுக்கு: மஞ்சள் மண் சுவரைப் படிக்கும் முறை

பள்ளி விடுமுறையில் சீனாவின் சியான் நகருக்குப் போகிறவர்கள் சுடுமண் வீரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் ஒதுக்கி, வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் லுவோச்சுவானுக்குப் போய் வாருங்கள். அங்கே லோயஸ், அதாவது காற்று கொண்டுவந்து சேர்த்த மஞ்சள் தூசி மண், 130 மீட்டருக்கு மேல் படிந்து கிடக்கிறது. அடிமண்ணின் வயது சுமார் 26 லட்சம் ஆண்டு.

பையில் ஒரு பூதக்கண்ணாடியும் சின்ன பாட்டிலில் வெள்ளை வினிகரும் போதும். ஒரு எச்சரிக்கை: இந்த மண் காய்ந்திருக்கும்வரை செங்குத்தாக நிற்கும், நனைந்தால் பொலபொலவென்று சரியும். மழை பெய்த மறுநாள் சுவரடியில் நிற்கவே வேண்டாம்.

முதலில் எதிர்ப்பக்கம் நின்று நிறத்தைப் பாருங்கள். உச்சியில், ஆப்பிள் தோட்டத்துக்குக் கீழே கருமை கலந்த மண். அது கடந்த 11,000 ஆண்டு. அதன்கீழ் பல மீட்டருக்கு வெளிர் மஞ்சள். அது கடைசிப் பனியுகம். குளிரும் வறட்சியுமாக இருந்த காலத்தில், பாலைவனப் பக்கமிருந்து வந்த காற்று தூசியைக் கொட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த செம்பழுப்புப் பட்டை அதற்கு முந்தைய வெப்பக்காலம். மழை கூடி, புல் முளைத்து, தூசி மண்ணாக மாறியிருக்கிறது.

சிங்கப்பூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வரிசை நன்றாகத் தெரிந்ததுதான். மரினா பக்கம் போர்ஹோல் போட்டால் மேலே கொழகொழவென்று கடல் களிமண், நடுவே இறுகிய ஒரு அடுக்கு, அதன்கீழ் மறுபடி கடல் களிமண் வரும். பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் வரை இறங்கியபோது வெயிலில் காய்ந்து இறுகியதுதான் அந்த நடு அடுக்கு. லுவோச்சுவானில் தூசி படிந்த அதே காலம்.

சரி, இப்போது கிட்டே போங்கள். உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் மண்ணை விரலில் தேயுங்கள், மாவு மாதிரி இருக்கும். நனைத்துத் திரித்தால் சீக்கிரமே உடைந்துவிடும். செம்மண்ணில் களி அதிகம் என்பதால் திரி நீளும். மஞ்சள் மண்ணில் வினிகர் விட்டால் சுண்ணாம்பு லேசாக நுரைக்கும்; காதை வைத்துக் கேளுங்கள். செம்பட்டையின் மேல்பகுதியில் மழை சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டதால் நுரை குறையும். இறங்கிய சுண்ணாம்பைப் பட்டையின் அடியில் கட்டிகளாகப் பார்க்கலாம். சுவரைச் சுரண்டாதீர்கள், மண்ணை ஊருக்கும் கொண்டுவர வேண்டாம்.

துகளின் அளவு கண்ணுக்குப் பிடிபடாது. அது ஆய்வுக்கூட வேலை. துகள் பெரிதானால் குளிர்காலக் காற்று பலமாக வீசியது என்று பொருள். காந்த ஏற்புத்திறனையும், அதாவது காந்தப்புலத்தில் மண் எவ்வளவு காந்தமாகிறது என்பதையும், அளப்பார்கள். ஹெல்லர், லியு துங்ஷெங் என்ற ஆய்வாளர்கள் 1982இல் லுவோச்சுவான் மண்ணின் காந்தத் தன்மையை அளந்து அதன் வயதை வெளியிட்டார்கள். இங்கே செம்பட்டையில் காந்த ஏற்புத்திறன் ஏறும், ஏனென்றால் மண் உருவாகும்போதே நுண்ணிய காந்தத் தாதுக்களும் உண்டாகின்றன. இதை அப்படியே அலாஸ்காவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பலத்த காற்று கனமான தாதுக்களையும் சுமந்து வந்ததால், அங்கே பனியுகத் தூசியில்தான் ஏற்புத்திறன் அதிகம்.