பறவை நடத்தை ஆய்வு: இளமாணி மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்குப் பறவைகள் என்றால் நல்ல விருப்பம், ஏதாவது ஆய்வு வாய்ப்புத் தருவீர்களா?" என்று ஒற்றை வரியில் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான் முதல் தவறு. அவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்? இரண்டு கிழமை உங்கள் வளவிலேயே ஒரு பறவையைப் பார்த்து எழுதிய கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கதை வேறு மாதிரிப் போகும். அதையும் இறுதியாண்டு வரை தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது பூநாரை ஆசை. இலங்கையின் வடக்கில் பூநாரைகள் வந்து நிற்கும் சுண்டிக்குளத்துக்குப் போனால்தான் ஆய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அது 2015 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே ஆய்வு செய்ய முடியாது. வலசைப் பறவைகளோ பெரும்பாலும் ஒக்ரோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் நிற்கும். அனுமதி கைக்கு வரும்போது பறவை போயிருந்தால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

கிளுவை வேலியோரம் கத்தித் திரியும் புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டம் எங்கேயும் போகாது. ஒரு சோடியின் குஞ்சுகளுக்கு மற்றவையும் இரை ஊட்டும் பறவை அது. ஒன்று மேலே காவல் இருக்க, மற்றவை கீழே சருகு கிளறும். காவலுக்கு எது போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, பூனை வந்தால் என்ன குரல், பருந்து வந்தால் என்ன குரல்? ஓர் இளமாணி ஆய்வுக்கு இது தாராளம்.

ஆனால் கூடுதலாகப் பிழைப்பது குறிப்பெடுப்பதில்தான். என் முதல் கொப்பியில் "6.40: இரண்டு புலுனி சண்டை. கோபம்" என்று இருக்கிறது. கோபத்தை நான் காணவில்லை. ஒன்று மற்றதன் பிடரியில் கொத்தியதையும், மற்றது வேலிக்குள் புகுந்ததையும்தான் கண்டேன். அதை எழுதவேயில்லை. அப்புறம், கண்ணை இழுத்ததை மட்டும் எழுதினால் சண்டையெல்லாம் கொப்பியில் ஏறிவிடும், சத்தமில்லாமல் இரை தேடிய முக்கால் மணித்தியாலம் ஏறாது. இதற்கான முறைகளை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் ஒரு கட்டுரையில் தெளிவாக வகுத்துத் தந்தார். ஒரே பறவையைக் குறித்த நேரம் முழுக்க விடாமல் பார்க்கலாம். அல்லது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதலாம். எதுவென்றாலும் முதலிலேயே முடிவெடுத்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

ஒரே கூட்டத்தை நாற்பது காலை பார்த்துவிட்டு "மாதிரிகளின் எண்ணிக்கை 40" என்று போடாதீர்கள். கூட்டம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் என்றால் திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் என்று சைக்கிளில் போய் வேறு கூட்டங்களையும் தேடுங்கள்.

கடைசியாக, கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். நாம் எங்கே குனிகிறோம் என்று காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை எலுமிச்சங் கொப்பை விலக்கிப் பார்த்தபோது மூன்று நீல முட்டைகள் இருந்தன. மறுநாள் ஒன்றும் இல்லை. காகமா, வேறு எதுவா தெரியாது. இப்போது நான் கிணற்றடியில் இருந்து பைனாகுலரால்தான் பார்க்கிறேன்.