கேம் விளையாட வாங்கிய இயர்பட்ஸை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

போன மாதம் சித்தி மகன் புது இயர்பட்ஸோடு வீட்டுக்கு வந்தான். பெட்டியின் மேல் '40 மில்லி விநாடி, லோ லேட்டன்சி', அதாவது தாமதம் குறைவு, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். "அண்ணே, யூடியூப்ல எல்லாம் சரியாத்தான் கேக்குது. பிஜிஎம்ஐ துப்பாக்கி கேமுக்குள்ள போனா மட்டும் சுட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது. என் போன்ல கோளாறா?" என்று கேட்டான். போனில் கோளாறு இல்லை. யூடியூபை வைத்து இயர்பட்ஸை எடை போட்டதுதான் தப்பு.

வீடியோ ஓடும்போது, சத்தம் எவ்வளவு தாமதமாகக் காதுக்குப் போகும் என்பதைப் போன் கணக்குப் போட்டு, படத்தையும் அதே அளவு பிடித்து வைத்துக் காட்டுகிறது. அதனால் உதட்டசைவும் குரலும் ஒட்டிப் போகும். கேமில் இது முடியாது. நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று போனுக்கு முன்கூட்டியே தெரியாது. விரல் பட்ட பிறகு படத்தைத் தள்ளிப் போட்டால் விளையாடவே முடியாது. எனவே படம் உடனே வந்துவிடும், சத்தம் பின்னால் வரும். ஆக, கேமுக்கான இயர்பட்ஸைக் கேமுக்குள்தான் சோதிக்க வேண்டும். அதை வீட்டில் செய்ய இன்னொரு போனும் ஒரு மணி நேரமும் போதும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்: தாமதம் எங்கிருந்து வருகிறது?

போன் சத்தத்தைச் சுருக்கி, புளூடூத் வழியாக அனுப்பி, இயர்பட்ஸ் அதை விரித்துக் காதில் ஒலிக்க வைக்கிறது. இதில் அதிக நேரம் பிடிப்பது பெரும்பாலும் இயர்பட்ஸுக்குள் இருக்கும் சேமிப்புதான். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் தெருவில் குடத்தில் பிடித்து வைத்துப் புழங்குவோமே, அது போல. சிக்னல் நடுவில் அறுந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் சத்தத்தை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கும். இயர்பட்ஸில் தாமதத்தைக் குறைக்கக் கொடுத்திருக்கும் 'கேம் மோட்' வசதியைப் போட்டால் குடம் சின்னதாகிறது. சத்தம் சீக்கிரம் வரும், ஆனால் சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் சத்தம் அறுந்து அறுந்து கேட்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எந்த விலையில் வாங்கினாலும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது.

படி 1: பெட்டியையும் போனையும் சேர்த்துப் பாருங்கள்

இயர்பட்ஸில் இருக்கும் வசதி போனிலும் இருந்தால்தான் பலன். சத்தத்தைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். ஏஏசி பெரும்பாலானவற்றில் இருக்கும். இந்த இரண்டிலும் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதம் வரலாம். ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் அதைவிட வேகமானது, ஆனால் ஐபோனில் அது கிடையாது. ஆண்ட்ராய்டிலும் எல்லாப் போனிலும் இருக்காது. எல்டிஏசி என்ற கோடெக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை போகும் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பாட்டின் தரத்துக்காகச் செய்யப்பட்டது, வேகத்துக்காக அல்ல.

'புளூடூத் 5.3' என்று போட்டிருப்பதை வைத்துத் தாமதம் குறைவு என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த எண் தாமதத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீங்கள் தேட வேண்டியது 'எல்இ ஆடியோ' என்ற சொல்லை. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புது முறை அது. எல்சி3 என்ற கோடெக்கில் ஓடும், தாமதத்தை நன்றாகக் குறைக்க வல்லது. ஆனால் 5.2, 5.3 என்று எழுதியிருக்கும் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று இல்லை. போன், இயர்பட்ஸ் இரண்டிலும் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது எந்தக் கோடெக் ஓடுகிறது என்று பார்க்க, ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'பில்ட் நம்பர்' என்ற இடத்தை 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் 'புளூடூத் ஆடியோ கோடெக்' என்று இருக்கும். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

படி 2: தாமதத்தை அளங்கள்

இந்தப் படிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினேன். இதை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள்.

தேவையானவை: கேம் இருக்கும் உங்கள் போன், இயர்பட்ஸ், ரெக்கார்டர் இருக்கும் இன்னொரு போன், ஒலியை அலைவடிவமாகக் காட்டும் ஒரு எடிட்டர். கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி போதும், அது இலவசம். இல்லையென்றால் போனிலேயே இலவச ஆடியோ எடிட்டர்கள் கிடைக்கின்றன. ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

கேமில் பயிற்சி மைதானத்துக்குப் போய் ஒரு துப்பாக்கியை எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே குண்டு போகும்படி வையுங்கள். இரண்டாவது போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, அதன் மைக்கை உங்கள் திரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு பட்ஸைக் கழற்றி அந்த மைக்கை ஒட்டி வையுங்கள். காதிலிருந்து எடுத்தவுடன் சத்தம் தானாக நிற்கிறதா? சில மாடல்களில் காதில் இருப்பதை உணரும் சென்சார் உண்டு. அதன் ஆப்பில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

இப்போது சுடும் பட்டனைத் தட்டுங்கள். மெதுவாகத் தொட்டால் பதிவில் விழாது. டக்கென்று கேட்க வேண்டும். நகம் மட்டும் பட்டால் திரை உணராது, எனவே விரல் நுனியும் நகமும் சேர்ந்து படும்படி கொஞ்சம் சாய்த்துத் தட்டுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு முறை, மொத்தம் 10 முறை.

பதிவை எடிட்டரில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சின்ன முள் மாதிரி தெரிவது விரல் தட்டிய சத்தம். கொஞ்சம் தள்ளி, குண்டாக எழுந்து மெல்ல அடங்குவது துப்பாக்கிச் சத்தம். முள்ளின் தொடக்கத்திலிருந்து அந்தக் குண்டு அலையின் தொடக்கம் வரை மௌஸால் தேர்வு செய்தால் எத்தனை மில்லி விநாடி என்று எடிட்டர் காட்டிவிடும். தம்பிக்கு இதைக் காட்டியபோது இரண்டு அலைக்கும் நடுவே இருந்த வெற்றுக்கோட்டை விரலால் தடவி, "இவ்ளோ இடைவெளியா!" என்றான். காதில் லேசாக உறுத்திக்கொண்டே இருந்தது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பத்து அளவுகளையும் எழுதி, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் விட்டுவிட்டு, மீதியின் சராசரியை எடுங்கள்.

சரி, இந்த எண் முழுவதும் இயர்பட்ஸின் குற்றமா? இல்லை. திரை விரலை உணர்வதற்கும், கேம் அதைப் புரிந்துகொண்டு சத்தத்தை எழுப்புவதற்கும் நேரம் ஆகும். அதனால் புளூடூத்தை அணைத்துவிட்டு, போனின் சொந்த ஸ்பீக்கரில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஸ்பீக்கரில் 110, இயர்பட்ஸில் 290 என்று வந்தால், இயர்பட்ஸால் கூடிய தாமதம் 180. உங்களுக்கு வேண்டிய எண் இந்தக் கழித்தல்தான். பெட்டியில் இருக்கும் 40, முழுப் பாதையில் ஒரு துண்டை மட்டும் அளந்து போட்டதாகக்கூட இருக்கலாம். நீங்கள் எடுத்த அளவு உங்கள் போனில், உங்கள் கேமில் நடப்பது.

கேம் மோடைப் போட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் கேம் மோட் என்பது வெறும் ஒரு பீப் சத்தம்தான்.

எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? நான் வைத்திருக்கும் கணக்கு இது. கூடுதல் தாமதம் 60க்குள் இருந்தால் பெரும்பாலானோருக்குத் தெரியாது. 100ஐ ஒட்டி இருந்தால் பொழுதுபோக்குக்கு விளையாடலாம். 150ஐத் தாண்டினால் கை உணர ஆரம்பிக்கும். 200 என்றால் துப்பாக்கிச் சண்டைக்கு வேண்டாம். விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் 200 மில்லி விநாடியில் 1.2 மீட்டர் கடந்துவிடுவான். கதவுக்கு வெளியே கேட்கிற காலடிக்குச் சொந்தக்காரன் அதற்குள் கதவுக்கு உள்ளே நிற்கிறான். கேரம், லூடோ, சதுரங்கம் மாதிரி ஆட்டங்களுக்கு 250 இருந்தாலும் பிரச்சினை இல்லை. தாளத்துக்குத் தட்டும் மியூசிக் கேம்களில் 60கூட இடிக்கும். அவற்றில் பலவற்றில் தாமதத்தைச் சரிசெய்யும் செட்டிங் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

படி 3: மைக்கை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள்

தனியாக விளையாடும்போது அருமையாக இருந்த இயர்பட்ஸ், ஸ்குவாடில், அதாவது நண்பர்களோடு அணியாக விளையாடும்போது, பேச ஆரம்பித்தவுடன் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வழக்கமான புளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ சத்தத்துக்கு ஒரு வழி, பேசுவதற்கு வேறு வழி. பேசும் வழிக்கு மாறியவுடன் சத்தம் போன் கால் தரத்துக்கு இறங்கி, இடது வலது என்ற பிரிவே இல்லாமல் ஒன்றாகிவிடும். எதிரி எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் இயர்பட்ஸ் போட்டு என்ன பயன்?

நண்பன் ஒருவனைப் பயிற்சி மைதானத்துக்கு அழையுங்கள். மைக்கை அணைத்துவிட்டு நீங்கள் அசையாமல் நில்லுங்கள், அவன் உங்களைச் சுற்றி ஓடட்டும். காலடி ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போவது தெளிவாகக் கேட்கும். இப்போது மைக்கை ஆன் செய்து, அவன் மறுபடியும் ஓடட்டும். சத்தம் நடு மண்டையிலேயே நிற்கிறதா? அப்படியென்றால் பேசும் வழிக்கு மாறிவிட்டது. வால்யூம் பட்டனை அழுத்தும்போது மீடியா வால்யூமுக்குப் பதிலாகக் கால் வால்யூம் வந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

சில போன்களில் சத்தம் அப்படியே ஸ்டீரியோவாக இருக்கும். ஆனால் மைக் மட்டும் இயர்பட்ஸுடையதாக இல்லாமல் போனுடையதாக இருக்கும். எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க, போனின் அடியில் இருக்கும் மைக் துளைக்குப் பக்கத்தில் விரலால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு இயர்பட்ஸின் காம்பைச் சுரண்டுங்கள். எது கேட்டது என்று நண்பன் சொல்வான். போனின் மைக் வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை, விளையாடும்போது உள்ளங்கையால் அந்தத் துளையை மூடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஸ்குவாடில் பேசியே ஆக வேண்டும், போனும் இப்படி மாறிவிடுகிறது, வயரும் வேண்டாம் என்றால், எல்இ ஆடியோ உள்ள ஜோடி அல்லது டைப்-சி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல், இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். டாங்கிள் என்பது போனில் செருகும் சின்னத் துண்டு. அது புளூடூத்தை விட்டுவிட்டுத் தன் சொந்த வழியில் போகிறது; அதனால் தாமதமும் குறைவு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் புளூடூத் இயர்பட்ஸை நேரடியாக இணைக்க முடியாது; கன்சோலில் விளையாடுகிறவர்கள் தங்கள் கன்சோலின் பெயர் டாங்கிள் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: காலடி கேட்கிறதா, இடி மட்டும்தானா?

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், அதிகமாக இருப்பதுதான் நம்மை இழுக்கும். கேமில் அதே பேஸ் எதிரியாகிவிடும். வண்டி இன்ஜினும் குண்டு வெடிப்பும் காலடியை அமுக்கிவிடும். நண்பன் வண்டியை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, நீங்கள் இன்னொருவரின் காலடியைக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இயர்பட்ஸின் ஆப்பில் சத்தத்தின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, பேஸை இறக்கி, நடுப்பகுதியையும் மேல்பகுதியையும் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். அப்புறம் ரப்பர் முனை காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு சேராமல் போகலாம்.

படி 5: நெரிசலில் விளையாடிப் பாருங்கள்

புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே தெருவில் போகிறவை. ராத்திரி 9 மணிக்கு, வீட்டில் எல்லோரும் வைஃபையில் இருக்கும்போது கேம் மோடைப் போட்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். சத்தம் எத்தனை முறை அறுந்தது என்று எண்ணுங்கள். அதிகமாக இருந்தால் போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் இந்தப் படியை அறையில் செய்யாமல், எல்லோரும் இருக்கும் ஹாலிலேயே செய்யுங்கள்.

படி 6: பேட்டரியும் காதும்

முழுசாகச் சார்ஜ் போட்டு, கேம் மோடும் மைக்கும் ஆனில் வைத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தீர்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சொல்லும் 40, 50 மணி நேரம் எல்லாம் சார்ஜ் ஏற்றும் கேஸையும் சேர்த்த கணக்கு. வால்யூம் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. காலடி கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் கூடவே வெடிச்சத்தமும் ஏறும். ஈக்வலைசரைத் தொடுங்கள், வால்யூமை விட்டுவிடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், பணம் திரும்ப வருமா அல்லது வேறு பொருள்தான் மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் 2ஆம் படியையும் 3ஆம் படியையும் முதல் நாளே செய்யுங்கள். கம்பெனி அப்டேட் வந்தால் போட்டுவிட்டு இன்னொரு முறை அளங்கள்; எண் மாற வாய்ப்பு உண்டு.

தம்பியின் ஜோடியில் கேம் மோட் உண்மையாகவே வேலை செய்தது. தனியாக விளையாடினால் தாமதம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கியது. மாட்டிக்கொண்டது மைக்கில்தான், ஆன் செய்தவுடன் இடது வலது போய்விட்டது. அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தனி ஆட்டத்துக்கும் பஸ்ஸில் பாட்டுக் கேட்கவும் அதையே வைத்துக்கொண்டான். ஸ்குவாட் ஆட்டத்துக்கு டைப்-சி வயர் இயர்போன் ஒன்று வாங்கி, அதையும் என் முன்னாலேயே பத்துத் தட்டு தட்டி அளந்துவிட்டுத்தான் கிளம்பினான்.