தார் தெறித்த காருக்குத் தேங்காய் எண்ணெய்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய் வருவதற்குள் வழியில் எங்காவது தார் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், வெள்ளைக் காரில் சக்கரத்துக்கு மேலே கடுகு தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டாதீர்கள், கீறல்தான் மிஞ்சும்.

பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துப் புள்ளிமேல் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். தார் எண்ணெயில் இளகும். பிறகு மெதுவாகத் துடைத்தால் பழுப்பாகக் கரைந்து வரும். பிடிவாதம் பிடித்தால் இன்னொரு தடவை. அப்புறம் கார் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிசுக்கில் ஊர்ப் புழுதியெல்லாம் அப்பிக்கொள்ளும். சிலர் பெட்ரோல் போட்டுத் தேய்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, மெழுகுப் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

பாலம், வடிகால் வேலை நடக்கும் இடமென்றால் சிமென்ட் தூசி. தாரைவிட இதுதான் மோசம். காரத்தன்மை உள்ளது, மார்கழிப் பனி பட்டால் போதும், இறுகி பெயிண்டை அரிக்க ஆரம்பித்துவிடும். காய்ந்த துணியால் தொடவே கூடாது. அன்றைக்கே குழாயைத் திறந்துவிட்டுத் தூசியை நன்றாக ஓடவிடுங்கள். நாகப்பட்டினம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீர் என்றால் நிழலில் கழுவி, உடனே ஒற்றி எடுங்கள், வெயிலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

தூசி படிந்த காருக்கு உறை போடுவதும் தப்பு. காற்றில் உறை ஆடும்போது உப்புத்தாள் தேய்க்கிற கதைதான். சாலை வேலை தொடங்குமுன்பே காருக்கு ஒரு கை மெழுகு பூசிவிட்டால் பாதி வேலை மிச்சம்.