மலைச்சாலைக் காட்சி மங்குவது ஏன்? எக்ஸ்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டு புளியரை மலைப்பாதை ஏறி, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போய்வந்த இளைஞர்கள் செங்கோட்டையில் உள்ள எனது எடிட்டிங் கடைக்கு வரத் தொடங்குவார்கள். கேமராவில் துல்லியமாக இருந்த காட்சி எடிட் செய்தபின் கலங்கிவிட்டது என்பதே அவர்களில் பலரின் குறை. லென்ஸைத் துடைக்க மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் செய்து நட்டப்பட்டு, இன்று அவர்களும் அப்படியே செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பையே மீண்டும் எடிட் செய்வது

கழுதுருட்டிக்கு அருகில், நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பதின்மூன்று கண் பாலத்தின் மீது கொட்டும் மழையில் ரயில் கடப்பதை ஒருமுறை காத்திருந்து எடுத்தேன். அதன் அதிர்வைக் கைப்பேசியின் ஒரு செயலியில் சரிசெய்து எக்ஸ்போர்ட் செய்தேன், அதாவது புதிய வீடியோ கோப்பாக வெளியெடுத்தேன். அந்தக் கோப்பை இன்னொரு செயலியில் ஏற்றி நிறம் திருத்தினேன். தலைப்பு எழுத்துகளுக்கு மூன்றாவது செயலி. கைப்பேசித் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்ததால், மறுநாள் பயணத்துக்காக மெமரி கார்டையும் அழித்துவிட்டேன். கணினியில் திறந்தபோது பாலத்துக்குப் பின்னிருந்த காடு பாசி படர்ந்த குளம்போல் இருந்தது. மழைத்தாரை இருந்த இடமே தெரியவில்லை. அதன்பின் இருமுறை போயும் மழையும் ரயிலும் ஒருசேர வாய்க்கவில்லை.

காரணம் எளிது. எச்.264, எச்.265 ஆகிய முறைகளில் கேமரா பதிவுசெய்யும்போதே காட்சி ஒருமுறை சுருக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) முழுமையாகச் சேமிக்காமல், பக்கத்து ஃபிரேம்களிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே பெரும்பாலும் குறித்துக்கொள்வதுதான் அவற்றின் உத்தி. மலைச்சாலையிலோ இலை, மழைத்துளி, வண்டியின் அதிர்வு என எல்லாமே நொடிதோறும் மாறுவதால் இந்த உத்தி திணறி, நுணுக்கங்களைக் கைவிடுகிறது. அடுத்த எக்ஸ்போர்ட், முந்தையது விட்டுச்சென்ற கட்டம் கட்டமான கறைகளையும் காட்சியின் பகுதியாகவே எண்ணி அவற்றுக்கும் பிட்டுகளைச் செலவிடுகிறது. மூன்றாம் டிகாஷனில் காபி போட்டுவிட்டு மணத்தைத் தேடுவதற்கு இது சமம்.

அண்மையில் இதே கதையோடு வந்த ஒரு தம்பி, "அண்ணாச்சி, கொஞ்சம் ஷார்ப் ஏத்திக் குடுத்துருங்க, சரியாயிரும்" என்றார். ஷார்ப்னஸைக் கூட்டினால் அந்தக் கறைகள்தாம் கூர்மையாகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

எனவே அதிர்வு நீக்கம், நிறம், எழுத்து ஆகிய அனைத்தையும் மூலக் கோப்பின்மேல் ஒரே ப்ராஜெக்டில் செய்து ஒரே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால், இடம் நிறையப் பிடித்தாலும், காட்சியை அதிகம் சுருக்காத புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவில் கொண்டுபோங்கள். இறுதிக் கோப்பைப் பெரிய திரையில் பார்க்கும்வரை கார்டைத் தொடாதீர்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 45 ஜிபிதான். வன்தட்டில் அதற்கு இடமில்லாமல் போகாது.

பிட்ரேட்டை மென்பொருளின் போக்கில் விடுவது

அறைக்குள் அமர்ந்து பேசும் காட்சிக்குப் போதுமான பிட்ரேட் (ஒரு நொடிக் காட்சிக்குச் செலவாகும் தரவின் அளவு) காட்டுக்குப் போதாது. 4கே வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது நொடிக்கு 30 ஃபிரேமுக்கு 35 முதல் 45 எம்பிபிஎஸ், 60 ஃபிரேமுக்கு 53 முதல் 68 எம்பிபிஎஸ். மலைச்சாலைக் காட்சிக்கு நான் மேல் எல்லையையே வைப்பேன். சேமித்து வைக்கும் பிரதிக்கு, கேமரா பதிவுசெய்த பிட்ரேட்டையே கொடுக்கிறேன். அதைத் தாண்டி வைத்தால் கோப்புதான் பருக்கும்.

ஃபிரேம் ரேட்டைக் கலப்பது

நொடிக்கு 60 ஃபிரேமை 30 ஆக்கலாம், 50 ஃபிரேமை 25 ஆக்கலாம். 30 ஃபிரேமை 25 ஆக்கினால் வளைவுகளில் காட்சி தத்தித் தத்தி நகரும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், காட்சிகளை டைம்லைனில் (வரிசைப்படுத்தும் பட்டையில்) சேர்க்கும் முன்பே இதை முடிவுசெய்துவிட வேண்டும். பிறகு மாற்ற விடாது.

1080பி காட்சியை 4கே ஆக்கினால் தெளிவு கூடும் என்று நம்புவது

தெளிவு அதிகரிக்காது. யூடியூபில் ஏற்றுவதற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 4கே கோப்புக்கு அது கூடுதல் பிட்ரேட் ஒதுக்குகிறது.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது

அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மீண்டும் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். 2 ஜிபியைத் தாண்டினால் பென்டிரைவில் கொடுங்கள்.