சாட்ராப் என்ற சொல்லைச் சரியாகப் படிப்பதும் தமிழில் எழுதுவதும்: தொடக்கநிலை விளக்கம்

ஆங்கில நாளிதழ்களில் மாநிலக் கட்சித் தலைவர்களை ‘ரீஜனல் சாட்ராப்’ என்று எழுதுவார்கள். பாரசீக வரலாற்றிலும் அதே சொல் வரும். மேற்கிந்திய நாணயங்களைப் பற்றிப் படித்தால் ‘க்ஷத்ரபர்’ என்ற வடிவில் எதிர்ப்படும். சொல் ஒன்றுதான், பொருள்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. கீழ்வரும் வரிசையில் பார்த்தால் குழப்பம் வராது.

படி 1: ஆளா, பதவியா, நிலமா?

சாட்ராப் என்பது ஆள்: பண்டைய பாரசீகப் பேரரசில் ஒரு மாகாணத்தை ஆண்டவர். சாட்ரபி என்பது அவர் வகித்த பதவி. அவர் ஆண்ட மாகாணத்துக்கும் அதே பெயர்தான். எதைச் சொல்கிறார்கள் என்பது வினையைப் பார்த்தால் தெரியும். சாட்ரபியைப் பறித்தார்கள் என்றால் பெரும்பாலும் பதவி, சாட்ரபி வழியாகப் படை போனது என்றால் நிலம்.

படி 2: வேரைப் பிடியுங்கள்

பழம்பாரசீகத்தில் இது ‘க்ஷசபாவன்’. க்ஷச என்றால் அரசு, பாவன் என்றால் காப்பவன். கிரேக்கர் வாயில் அது ‘சத்ரபேஸ்’ ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வடமொழி ‘க்ஷத்ர’ இதன் உறவு. ஆகவே நம் ‘சத்திரியன்’ இதற்குச் சொந்தம். சிவாஜியின் ‘சத்ரபதி’ சொந்தமே இல்லை. அது குடை என்று பொருள்படும் ‘சத்ர’த்திலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் கலந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

படி 3: அதிகாரம் எதுவரை?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் (கி.மு. 522–486) காலத்தில் சாட்ராப் வரி திரட்டினார், வழக்குத் தீர்த்தார், படையும் வைத்திருந்தார். ஆனால் அவர் மன்னர் அல்லர். இதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி போதும். சார்டிஸ் நகரில் (இன்றைய துருக்கி) ஆண்ட ஓரோய்டிஸ் என்ற சாட்ராப் மன்னருக்கு அடங்கவில்லை. டேரியஸ் பகாயஸ் என்பவரை முத்திரையிட்ட கடிதங்களோடு அனுப்பினார். ஒவ்வொரு சாட்ராப்பிடமும் மன்னரின் எழுத்தர் ஒருவர் உண்டு. பகாயஸ் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க, எழுத்தர் உரக்கப் படித்தார். மெய்க்காவலர்கள் கடிதத்துக்கு மரியாதை காட்டுவதைப் பகாயஸ் கவனித்தார். ஓரோய்டிஸைக் காக்க வேண்டாம் என்ற கடிதம் வந்ததும் ஈட்டிகளைக் கீழே போட்டார்கள். அடுத்தது அவரைக் கொல்லச் சொன்னது. சொந்தக் காவலர்களே வாளை உருவிக் கொன்றார்கள்.

எனவே ‘சிற்றரசர்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். காரியாவை (இன்றைய துருக்கியின் தென்மேற்கு) ஆண்ட சாட்ராப் மௌசோலஸ் போலப் பதவி பரம்பரையாகப் போன இடங்களும் உண்டு. அங்கும் பெயரளவிலாவது பேரரசர் மேலே இருந்தார்.

படி 4: எண்ணிக்கையை ஒட்டவைக்காதீர்கள்

ஹெரோடோட்டஸ் 20 சாட்ரபிகள் என்கிறார். ஈரானிலுள்ள, டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு 23 நாடுகளைப் பட்டியலிடுகிறது. முன்னது வரிக்கணக்கு, பின்னது மன்னர் தமக்கு அடங்கியவையாகச் சொல்லும் நாடுகள். இரண்டையும் ஒரே பட்டியலாக்க முயன்றால் கணக்கு உதைக்கும்.

படி 5: காலத்தைக் கேளுங்கள்

பாரசீகத்தை வென்ற அலெக்சாண்டர் சாட்ராப் பதவியை ஒழிக்கவில்லை, கி.மு. 331இல் பாபிலோனுக்குப் பாரசீகரான மசாயஸையே அமர்த்தினார். இந்தியாவில் கதை வேறு. கி.பி. 150ஐச் சேர்ந்த ஜூனாகத் (குஜராத்) கல்வெட்டில், மேற்கிந்தியாவை ஆண்ட ருத்ரதாமன் ‘மகாக்ஷத்ரபன்’ (பெரிய க்ஷத்ரபர்) என்ற பட்டத்தைத் தாமே ஈட்டியதாகச் சொல்கிறார். நியமித்தவர் எவருமில்லை. இங்கே ‘அரசர்’ என்று எழுதலாம்.

படி 6: தமிழில் எழுதுதல்

தமிழ் விவிலியத்தின் தானியேல் நூலில் ‘தேசாதிபதிகள்’ என்று வருகிறது. நல்ல சொல்தான். ஆனால் இலங்கை வாசகருக்கு அது பிரிட்டிஷ் ஆளுநரை நினைவூட்டும். ‘ஆளுநர்’ என்று மட்டும் எழுதினால் இன்றைய மாநில ஆளுநர் மனதில் வருவார். ஓரோய்டிஸின் படைபலம் அதில் அடங்காது. முதல் இடத்தில் ‘பாரசீக மாகாண ஆட்சியாளரான சாட்ராப்’ என்று விரித்து எழுதி, பிறகு சாட்ராப் என்றே தொடர்வது எங்கள் பரிந்துரை.

நாளிதழ்ச் செய்தியில் வந்தால் வரலாற்றை இழுக்க வேண்டாம். ‘மாநிலத்தில் செல்வாக்குள்ள தலைவர்’ போதும். வசைத்தொனி தெரிந்தால் ‘குறுநில மன்னர்போல் நடப்பவர்’ என்று எழுதலாம்.