குடலுக்கு ரத்தம் நின்றுபோனால்: வீட்டார் செய்ய வேண்டியவை

தாங்க முடியாத வயிற்றுவலி திடீரென்று வருகிறது. தொட்டுப் பார்த்தால் வயிறோ மெத்தென்று இருக்கிறது. இதுதான் முதல் எச்சரிக்கை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பது) உள்ளவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர் என்றால், இதயத்திலிருந்து நகர்ந்த ரத்தக்கட்டி சிறுகுடலின் தமனியை அடைத்திருக்கலாம். வாந்தியும் பேதியும் சேர்ந்து வரலாம். வாயுப் பிடிப்பு என்று ஓம வாட்டர் கொடுத்து, கோடாலித் தைலம் தேய்த்து, விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

சிங்கப்பூரில் பாலிகிளினிக் வரிசை வேண்டாம், அவசரமில்லாத ஆம்புலன்சுக்கான 1777 வேண்டாம், அவசர ஆம்புலன்சுக்கான 995-ஐ அழையுங்கள். சாப்பாடு, தண்ணீர், பேதி மருந்து, ஐபுபுரோஃபென் வலிமாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது விழுங்கினார் என்பதையும் சொல்லுங்கள். சாய மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீரகம் கெடுமோ என்று தயங்கித் தாமதிக்க வேண்டாம். அடைப்பைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையில் லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் கூடும் பொருள்) அளவு சரியாக இருந்தாலும் அடைப்பு இல்லையென்று ஆகாது.

குடலின் உட்சுவரில் விரல் நுனி போன்ற மயிரிழை முளைகள் உண்டு. ரத்தம் குறைந்ததும் அவற்றின் நுனிதான் முதலில் சாகும். அடைப்பைத் திறந்த பிறகும் ஆபத்து ஓயாது: திரும்பிவரும் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் தீவிர மூலக்கூறுகள் திசுவைத் தாக்கும், பழுதான சுவர் வழியே கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். டிரிப், ஆன்டிபயாட்டிக் எல்லாம் இதற்காகத்தான். ஹெப்பாரின் மருந்து, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க. அறுவை சிகிச்சை முடிந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்த்தால் பதறாதீர்கள். எந்தப் பகுதி பிழைத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

குடலில் பெரும்பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் உப்பு இழப்பு இன்னும் கூடும். பண்டுங், தே தாரிக் போன்ற இனிப்புப் பானங்கள் பேதியைக் கூட்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல்தான் நல்லது. பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. இதய, சிறுநீரக, நீரிழிவு நோயாளிகள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் பி12 ஊசி அவசியம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையை விட வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

வீடு திரும்பிய பிறகு, சாப்பிட்ட அரை மணியில் வலி எழுந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வயிற்றின் வெளியே பொருத்திய மலப் பையில் ஒரு நாளில் 1.5 லிட்டருக்கு மேல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.